பதினாறு பேருக்கும் ஒரே மூச்சு

மார்ச் 4
வீடு, சமையலறை மேசை

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். அம்மா நலத்திலும் நலம். அவள் குரல் அடுத்த தெருவரை கேட்கிறது, வேறு சாட்சி வேண்டாம். உன் நலம் நீ எழுதினால்தானே தெரியும்? போன கடிதம் மொத்தம் ஒன்பது வரி. அதில் இரண்டு வரி காலுறை அனுப்பச் சொல்லி. பயிற்சி முடியும்வரை கைப்பேசி கூடாது என்று உங்கள் தீயணைப்புப் பள்ளியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், சரி. பேனாவையுமா வாங்கி வைத்துக்கொண்டார்கள்? எட்டாம் வகுப்போடு படிப்புக்குப் பெரிய கும்பிடாகப் போட்ட நானே பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் உன் புகழ் பாடி ஓய்ந்துவிட்டேன். நான் வாயைத் திறந்தாலே பக்கத்து மேசைக்காரன் பலூன் முந்திக்கொள்கிறான். "இருபத்துநாலு பேர்ல ஒரே பொண்ணு, ஏணி ஏறுறதுல ரெண்டாவது. தெரியும்ணே, அடுத்த சேதி சொல்லு" என்கிறான். கால்பந்து ஆடிய உடம்பு, பீரோ மாதிரி நெஞ்சு, அதனால்தான் அந்தப் பெயர். என்னோடு பதினெட்டு வருஷமாக உப்புத்தாள் பிடித்து மரக்கதவு உரசுகிறான்.

அடுத்த சேதி இதுதான். உன் அம்மா என்னை நெஞ்சு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாடிப்படியில் பாதியில் நின்று சுவரைப் பார்க்கிறேனாம். "அங்க என்ன படமா ஓடுது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் மூச்சு வாங்கிவிட்டது, மாட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா முதல் கேள்வியே, "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"

"ஒண்ணுகூட இல்லைம்மா."

"எப்ப விட்டீங்க?"

"பிடிச்சாத்தானே விடறதுக்கு?"

அவர் உன் அம்மாவைப் பார்த்தார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். முப்பது வருஷக் குடித்தனம் ஒரு நொடியில் சந்தேகக் கேஸாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் என் சட்டைப்பைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். மரத்தூள்தான் வந்தது. நாலு தும்மல் போட்டுவிட்டு விட்டாள்.

தொழிற்சாலையில் வருஷா வருஷம் எங்களைக் குழாயில் ஊத வைத்து மூச்சின் எண்ணை எழுதிக் கொடுக்கிற காகிதங்களையும் காட்டினேன். டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இருக்கிறது விளையாட்டு வீரரோட நுரையீரல். ஆனா நீங்க வாசல்ல இருந்து இந்த நாற்காலிக்கு வர்றதுக்கே ரெண்டு தடவை நின்னீங்களே?" என்றார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

காலுறை நாலு ஜோடி அனுப்பியிருக்கிறேன். பெரியதாக இருந்தால் திட்டாதே, கடைக்காரர் உன் காலைப் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
பிடிக்காத சிகரெட்டுக்குப் பேர் வாங்கிய உன் அப்பன்


மார்ச் 12
தீயணைப்புப் பயிற்சி நிலையம், விடுதி அறை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

காலுறை கிடைத்தது. ஒன்றில் என் இரண்டு கால்களும் போகின்றன.

அம்மா தனியாக எழுதியிருக்கிறார்கள். படியில் மூன்று முறை நிற்கிறீர்களாம். குளித்து முடித்ததும் கட்டிலில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசுவதில்லையாம். நீங்கள் பத்து நிமிஷம் பேசவில்லை என்றால் அது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

இங்கே நன்றாகப் போகிறது. புகை அறைக்குள் கண்ணைக் கட்டி விட்டுவிடுகிறார்கள். சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே கிடக்கும் பொம்மையைத் தூக்கி வர வேண்டும். பொம்மை எண்பது கிலோ. போன வாரம் நான் அதை இழுத்து வந்தபோது ஒருத்தன், "பாத்து தங்கச்சி, இடுப்பு பிடிச்சுக்கும்" என்றான். அடுத்து அவன் போனான். பொம்மையை விட்டுவிட்டு அவன் மட்டும் வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை அப்பா. மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மே மாதம் கடைசித் தேர்வு. எங்களுக்கும் குழாயில் ஊதும் சோதனை இருக்கிறது. அதில் தேறினால் தலைக்கவசம் கைக்கு வரும்.

ஒரு கேள்வி. இவ்வளவு மூச்சு வாங்குகிறவருக்கு அந்தக் காகிதத்தில் எப்படி அப்படி ஓர் எண் வந்தது?

அன்புடன்,
ஏணியில் இப்போது முதலாவது


மார்ச் 21
வீடு

என் செல்ல மகளுக்கு,

ஏணியில் முதலாவது என்று படித்ததும் எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

ரத்த முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி படம் போட்டுச் சொன்னார். நானும் முடிந்தவரை சொல்கிறேன், பரீட்சையில் கேட்காதே. நம் கல்லீரல் ஒரு சத்தைச் செய்து நுரையீரலுக்கு அனுப்புமாம். புகை, தூசி, கிருமி எது உள்ளே போனாலும் அந்தச் சண்டையில் நுரையீரலே அரிபட்டுப் போகாமல் அது காவல் நிற்கும். அந்தச் சத்தைச் செய்வது எப்படி என்று மரபணுவில் எழுதியிருக்கும். ஆளுக்கு ரெண்டு சீட்டு: அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. என் சீட்டு ரெண்டிலும் எழுத்துப் பிழை. காவல்காரன் எனக்கு வேலைக்கே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என் நோட்டில் இருந்த பிழைகளைப் பார்த்த வாத்தியார் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்.

ரெண்டும் பிழையானவர்களுக்கெல்லாம் நோய் வந்தே தீரும் என்றில்லையாம். சிலர் எண்பது வயசுவரை ஜம்மென்று இருப்பார்களாம். புகையும் தூசியும்தான் நோயைக் கைப்பிடித்து அழைத்து வரும் என்றார்.

என்னிடம் நல்ல சீட்டே இல்லாததால் உனக்கு நான் கொடுத்தது நிச்சயம் பிழைச் சீட்டுதான். சரி, அம்மா கொடுத்ததாவது நல்லதா என்று பார்க்க, "எடுங்க என் ரத்தத்தையும்" என்று கையை நீட்டிவிட்டாள். அவளுக்கு ஒன்று நல்லது, ஒன்று பிழை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

அவள் உனக்குக் கொடுத்தது எது என்று உன் ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு சீட்டு மட்டும் பிழையென்றால் பெரிய பயமில்லை. ரெண்டும் என்றால்? நீ போகிற வேலை புகைக்குள் போகிற வேலை.

ஒரு தடவை பார்த்துவிடு கண்ணு. ஒரே ஓர் ஊசி.

உன் அப்பன்


ஏப்ரல் 2
விடுதி அறை 14

அப்பா,

பார்க்க மாட்டேன்.

காரணத்தையும் சொல்கிறேன். இங்கே எங்கள் தலைமை அதிகாரி முதல் நாளே என்னைப் பார்த்து, "எத்தனை நாள் தாங்குவேன்னு பாக்கலாம்" என்றவர். இருமினால் எழுதுகிறார். மாதத்தில் ஒரு நாள் முகம் வாடினால் எழுதுகிறார். அவர் கையில் நானே போய் ஒரு காகிதத்தைக் கொடுக்கவா? 'இவளுக்கு ரத்தத்திலேயே கோளாறு' என்ற ஒரு வரி போதும், வாழ்நாள் முழுக்கத் தொலைபேசி மேசை. ஊரெல்லாம் தீயை அணைக்கப் போகும், நான் விலாசம் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்காகவா எண்பது கிலோ பொம்மையை இழுத்தேன்?

என் நுரையீரலுக்கு இன்று ஒரு குறையும் இல்லை. இல்லாத நோய்க்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

நீங்கள் சொல்லுங்கள். இரண்டு சீட்டும் பிழை என்று தெரிந்துவிட்டது. தூசிதான் எதிரி என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் கதவு உரசப் போனீர்கள், இல்லையா? அம்மா எழுதிவிட்டார்கள். உங்களுக்கு வந்தால் பிழைப்பு, எனக்கு வந்தால் பிடிவாதமா?

நான் கேட்ட கேள்விக்கும் பதில் வரவில்லை. அந்தக் காகிதங்களில் ஊதியது யார்?

மகள்


ஏப்ரல் 14
தொழிற்சாலை, சாப்பாட்டுக் கூடம்

என் அன்பு மகளுக்கு,

பலூன் ஊதினான்.

எழுதிவிட்டேன். இதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்ததில் அதுவும் மரத்தூள் வாசம் பிடித்துவிட்டது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால்தான் இந்த ஊதும் சோதனை வந்தது. முதல் தடவை எங்கள் பிரிவில் ரெண்டு பேருக்கு எண் குறைந்தது. "கொஞ்ச நாள் வீட்ல ஓய்வெடுங்க, கூப்பிடுறோம்" என்று அனுப்பினார்கள். இன்றுவரை கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருஷத்திலிருந்து நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம்.

எச்சில் தெறிக்கிறது என்று நர்ஸ் நடுவில் ஒரு துணித் தடுப்பு கட்டியிருந்தார். அவர் இந்தப் பக்கம் எண்ணைப் பார்ப்பார், குழாய் அந்தப் பக்கம். பலூன் காலையிலேயே போய்த் தடுப்புக்குப் பின்னால் குந்திக்கொள்வான். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே நிற்போம், அவன் ஊதுவான். ஆளுக்கேற்ற மாதிரி ஊதுவதில் அவன் கலைஞன். "அண்ணே, உனக்கு வயசாச்சு, கொஞ்சம் கம்மியா ஊதுறேன்" என்று என்னிடம் காதில் சொல்வான். நான் ரோஷப்பட்டு, "டேய், எனக்கு என்ன வயசு? நல்லாவே ஊது" என்பேன். அந்த ரோஷம்தான் விளையாட்டு வீரர் எண்.

ஒரு வருஷம் பலூனுக்குச் சளி பிடித்திருந்தது. பதினாறு பேருக்கும் எண் குறைந்துவிட்டது. பிரிவு முழுக்கச் சளி என்று எழுதி ஆளுக்கு ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்தார்கள். பதினாறு பேரும் வரிசையில் நின்று வாங்கினோம். ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இப்போது சிரிப்பு வரவில்லை. "எட்டு வருஷத்துக்கு முன்னாடியே இறக்கம் தெரிஞ்சிருக்கும், அப்பவே தூசியை விட்டிருந்தா இவ்வளவு போயிருக்காது, போனது திரும்பாது" என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு நானே காட்டிய புத்திசாலித்தனம் இது. உன்னை ரத்தம் பார்க்கச் சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

போன வாரம் ரத்த முடிவை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். தூசி உறிஞ்சும் குழாய் போடுங்கள் என்று கேட்கத்தான். அவர் காகிதத்தைப் படித்தார். முகம் மலர்ந்தது. எழுந்து என் கையைக் குலுக்கினார். "பாத்தீங்களா, மரபணு! உங்க ரத்தத்துலயே இருந்திருக்கு. நம்ம கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். எனக்கு நோய் வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை. நானும் 'ஆமாங்க' என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வெளியே வந்து நாலு எட்டு வைத்த பிறகுதான் சுட்டது.

நாளை இந்த வருஷத்துச் சோதனை. பலூனிடம் சொல்லிவிட்டேன், எனக்கு நீ ஊத வேண்டாம் என்று.

உன் அப்பன்


ஏப்ரல் 16
வீடு

என் மகளுக்கு,

நேற்று நடந்ததை நேற்றே எழுத நினைத்தேன். பேனாவைத் திறந்தபடியே தூங்கிவிட்டேன். களைப்புதான், சத்தியமாக.

நான் போனதும் அந்தத் துணித் தடுப்பை அவிழ்த்து, மடித்து, நர்ஸ் மேசையில் வைத்தேன். பின்னால் பலூன் குந்திக்கொண்டிருந்தான், பழக்க தோஷம். நர்ஸ் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பத்து வருஷம் அவர் கண் முன்னால் ஓடியது.

"இப்ப எழுதிக்கோங்கம்மா, இது என் சொந்த மூச்சு" என்று சொல்லிவிட்டு ஊதினேன். எட்டுக் கட்டையில் ஆரம்பித்து இருமலில் முடிந்தது. என் வயசுக்கும் உயரத்துக்கும் நூறு இருக்க வேண்டுமாம். முப்பத்தெட்டு.

முதலாளியைக் கூப்பிட்டார்கள். வந்தார். "இதுதான் நான் அன்னைக்கே சொன்னேனே, பரம்பரைக் கோளாறு. பாவம், இவரை வீட்டுக்கு அனுப்புங்க" என்றார்.

நான் பேசுவதற்குள் பலூன் எழுந்து வந்து குழாயை வாங்கினான். "அண்ணன் போறதுன்னா நானும் என் எண்ணைப் பாத்துட்டுப் போறேன்" என்றான். ஊதினான். அறுபத்தொன்று. அவனே நம்பவில்லை. மறுபடி ஊதினான். ஐம்பத்தொன்பது. அந்தப் பீரோ நெஞ்சு! அவன் வயசுக்கும் உயரத்துக்கும் இது குறைச்சல், என் கணக்கில் போட்டால்தான் விளையாட்டு வீரர் எண். சளி போனாலும் எண் பழையபடி ஏறவில்லையாம், வருஷா வருஷம் முக்கி முக்கித்தான் ஊதினானாம். பதினாறு பேருக்கு ஊதிய களைப்பு என்று நினைத்துவிட்டானாம், எங்களிடம் சொல்லவே இல்லை.

அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. பதினாறில் பதினோரு பேருக்குக் குறைந்திருந்தது.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "ரத்தத்துல இருந்தா நான் என்னங்க செய்ய முடியும்?"

அப்போது சொன்னேன் மகளே. எனக்கு இவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. "ஏன் சார், நாங்க பதினாறு பேரும் ஒரே அப்பனுக்கா பொறந்தோம்?"

கூடமே அதிர்ந்தது. நர்ஸ் காகிதத்தால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் ரத்தத்துல பிழை இருக்கு, ஒத்துக்கிறேன். அது என் அப்பா அம்மா கொடுத்தது. ஆனா இருபத்தாறு வருஷமா மூக்குல ஏத்தினது நீங்க கொடுத்தது. பிழை இல்லாதவனையே பாதியாக்குற தூசி, பிழை இருக்கிறவனை என்ன செய்யும்? எனக்குத்தான் சார் தூசி உறிஞ்சுற குழாய் முதல்ல போட்டிருக்கணும்!"

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நடுவில் ஆறு தடவை நின்றேன். ஆனால் ஒருத்தரும் குறுக்கே பேசவில்லை.

குழாய் போடும்வரை உரசும் கூடத்துக்குள் கால் வைப்பதில்லை என்று பதினாறு பேரும் வெளியே மரப்பலகைகள்மேல் உட்கார்ந்துவிட்டோம். குழாய் போட்டாலும் நான் இனி உரச மாட்டேன். நீ கேட்டது சரி, எனக்கு வந்தால் பிழைப்பு, உனக்கு வந்தால் பிடிவாதமா?

உன்னை ரத்தம் பார்க்கச் சொல்லி இனி ஒரு வரி எழுத மாட்டேன். உன் உடம்பு, உன் வேலை. பார்க்காமல் இருந்தாலும் நீ என் மகள்தான். அடுத்தவன் மூச்சில் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் உனக்குச் சொல்ல முடியும். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கெடுதல்.

உன் அப்பன், 38


மே 9
விடுதி அறை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இருபத்துமூன்று பேருக்கும் படித்துக் காட்டினேன். 'ஒரே அப்பனுக்கா' என்ற இடத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார்கள். 'தங்கச்சி' என்று சொன்னவன், "உங்க அப்பாவை இங்க வாத்தியாரா போடணும்" என்றான்.

அடுத்த நாள் விடுப்பு எடுத்துப் போய் ரத்தம் கொடுத்தேன். நீங்கள் கேட்காததால்தான் கொடுத்தேன். கேட்டிருந்தால் இன்னும் பிடிவாதம் பிடித்திருப்பேன்.

இரண்டும் பிழை, அப்பா. அம்மா கொடுத்ததும் பிழைச் சீட்டுதான்.

ஒரு நாள் முழுக்கக் கட்டிலில் படுத்திருந்தேன், அதை மறைக்க மாட்டேன். மறுநாள் அந்தக் காகிதத்தை நானே எடுத்துப் போய்த் தலைமை அதிகாரியின் மேசையில் வைத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் கொண்டு வந்த? யாரும் கேக்கலையே."

"வேற யாராவது கண்டுபிடிச்சுக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி, சார்."

"அலுவலக வேலை தர்றேன். கௌரவமா இருக்கலாம்."

"விதியைக் காட்டுங்க சார். ரத்தத்துல இப்படி இருந்தா தீக்குள்ள போகக்கூடாதுன்னு எந்தப் பக்கத்துல இருக்கு?"

அரை மணி நேரம் தேடினார். இல்லை. நுரையீரல் எண் மட்டும்தான் இருக்கிறது. அங்கேயே, அவர் முன்னால் ஊதினேன். நூற்று நான்கு.

"இன்னைக்கு நூத்தி நாலு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உங்க முன்னாடியே ஊதுறேன். சரிய ஆரம்பிச்சா நீங்க சொல்ல வேண்டாம், நானே தலைக்கவசத்தைக் கழட்டி வைக்கிறேன். ஆனா அதுவரைக்கும் நான் உள்ள போவேன். எல்லாரும் முகமூடியைக் கழட்டின பிறகும் நான் போட்டிருப்பேன். கேலி பண்ணினா பண்ணட்டும்."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு, "தீ அணைஞ்ச பிறகு சாம்பல் கிளறும்போதுதான் எல்லாரும் முகமூடியைக் கழட்டுறாங்க. அப்பதான் நிறைய உள்ள போகும். நானும் கழட்டினவன்தான்" என்றார். இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான பேச்சு இது. 'ஆறு மாதம், மறுபரிசீலனைக்கு உட்பட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைக்கவசம் என் கையில் இருக்கிறது.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரிகூட எழுதாதீர்கள். எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
உங்கள் மகள், 104


மே 17
வீடு

என் தைரியலட்சுமிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நாலிலும் நீ எழுதாதே என்று சொன்ன வார்த்தை வந்துவிட்டது. உன் அம்மா கிழிந்ததையெல்லாம் பொறுக்கிப் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு மன்னிப்பு? மூக்கு யாரோடது, முழி யாரோடதுன்னு கேட்டாளா? அதோட இதுவும்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீ ஊதுகிற தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டாள்.

எங்கள் கூடத்தில் பாதிக்குக் குழாய் வந்துவிட்டது. மறுபாதிக்குப் பலூனும் மற்றவர்களும் இன்னும் பலகைமேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தினமும் போய்க் கூட உட்கார்ந்து கதை சொல்கிறேன். உன் கதைதான், வேறு என்ன? இப்போது யாரும் முந்திக்கொள்வதில்லை.

நேற்று முதலாளி ஆள் அனுப்பினார். எனக்குக் கதவுகளை எண்ணிப் பார்த்து அனுப்புகிற வேலை தருவாராம், தூசியில்லாத அறையாம், மின்விசிறியாம். ஒரே ஒரு கையெழுத்து வேண்டுமாம். அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பியிருந்தார். உரக்கப் படித்தேன்: 'எனக்கு வந்த நோய் பரம்பரையாக வந்தது. நிறுவனத்தின் வேலைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று முழு மனத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.'

நல்ல தாள். வழவழவென்று இருக்கிறது, பேனா ஓடுவதே தெரியவில்லை. திருப்பிப் பார்த்தால் உனக்கே தெரியும், நீ இப்போது படித்துக்கொண்டிருப்பது அதன் பின்பக்கம்தான். கையெழுத்துக்கென்று அங்கே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும். என் கையெழுத்தை இந்தப் பக்கம் போடுகிறேன்.

இப்படிக்கு, முழு மனத்துடன்,
உன் அப்பன்